தட்டின் ஓரத்தில் மட்டி

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். கோபத்தில் சோறு தொண்டைக்குள் இறங்காது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு நேர்மாறு. என் கணவரை எரித்த எட்டாம் நாள் காலை, வீடு நிறையச் சொந்தக்காரர், சமையலறையில் மச்சாளின் ஆட்சி, முன்னறையில் கோயில் ஆட்கள். நான் மாடியில் கட்டில் விளிம்பில் இருந்து கோபத்தில் பசித்துக்கொண்டிருந்தேன். பசித்தது சோற்றுக்கு அல்ல. ஒரு தட்டுக் குவே தியாவுக்கு.

குவே தியாவ் என்பது மலேசியாவில் தெருவோர வண்டில்களில் சீனர்கள் வறுத்துக் கொடுக்கும் நூடில்ஸ். அரிசிமாவில் செய்த, விரல் அகலத்தில் தட்டையான நூடில்ஸ். இரும்புத் தாச்சி புகை கக்கும்வரை காய வேண்டும். அதில் பன்றிக் கொழுப்பு, உள்ளி, அரைத்த மிளகாய், இறால், முட்டை, முளைப்பயறு, கறுத்தச் சோயா, கடைசியில் ஒரு பிடி மட்டி. மட்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது சிப்பிக்குள் இருக்கும் நகத்தளவுச் சதை, கடித்தால் கடல் உப்பு அப்படியே வாய்க்குள் வரும். எல்லாம் இரண்டு நிமிட வேலை. தட்டு மேசைக்கு வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு கதையளந்து ஆறவிடுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

இதை எனக்குக் காட்டியவர் என் கணவர்தான். அவருடைய தகப்பன் மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். இவர் பிறந்தது அங்கே, ஈப்போவில். பதினொரு வயதில் படிப்பதற்கென்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் எது என்று யாராவது கேட்டால் தகப்பனின் ஊரைச் சொல்வார். என்னிடம் மட்டும், ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரில் மண்ணெண்ணெய் விளக்கோடு நின்ற ஒரு நூடில்ஸ் வண்டிலைச் சொல்வார். பதினொரு வயதுவரை தின்றது மனிதனை விடாது போலும்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. அவர் தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்தார். நான் பிறகு மிச்சம் என்ற பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து, பிள்ளைகளுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாக அள்ளி வைத்தேன். வந்த அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, "வெளிக்கிடும், மியூசியம் பாக்கப் போவம்" என்றார். நம்பி, கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்தேன். ஸ்டொக்வெல்லில் ரயில் மாறி, விக்டோரியாவில் மாறி, பேஸ்வாட்டரில் இறங்கினோம். இரண்டு தெரு நடந்ததும் கம்பிப் படி இறங்கி ஒரு நிலவறைக்குள் என்னைக் கொண்டுபோனார். உள்ளே பத்து மேசை. சுவரில் பழைய நாட்காட்டி. புகை. எங்கேயோ தாச்சியை யாரோ அடித்து உடைப்பதுபோல் சத்தம்.

"இதுவோ மியூசியம்?" என்றேன்.

"இரும், இரும்," என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஓர் ஆம்பிளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சமையல்காரர் வெளியே வந்தார். ஒல்லி, கழுத்தில் துவாய், முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். அவரும் ஈப்போ ஆள். ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பின்தெருவில் வளர்ந்தவர். இருவரும் மலாய் பாதி, சீனம் பாதி, ஆங்கிலம் கொஞ்சம் என்று கலந்து கத்திக் கதைத்தார்கள். வீட்டில் உத்தரவு கேட்பதுபோல் பேசுகிற என் மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது. சமையல்காரர் அவரை அங்கிள் என்றும் என்னை அன்ரி என்றும் கூப்பிட்டார். எங்கள் வயதுதான் இருக்கும். ஈப்போவில் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவருடைய ஆங்கிலம் உடைந்தது. என்னுடையது அதைவிட உடைந்தது. ஆனபடியால் எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

தட்டு வந்தது. என் கணவர் முள்ளுக்கரண்டியை எடுத்து, தன் தட்டில் இருந்த மட்டியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் வைத்தார்.

"எனக்கு மட்டி சரிவராது. நீர் சாப்பிடும்."

"அப்ப போடாதேங்கோ எண்டு சொல்லலாமே?"

"போடாட்டி அந்த வாசம் வராது."

நான் கடற்கரையில் பிறந்தவள். மட்டி என்றால் எனக்கு உயிர். அவருடைய பங்கும் என்னுடைய பங்கும் சேர்த்துத் தின்றேன். கரிந்த ஓரமும் மிளகாய் உறைப்பும் முட்டையின் வழுவழுப்பும் ஒன்றாக நாக்கில் ஏறின. வெளியே தை மாதக் குளிர். எனக்கு மூக்கில் வியர்த்தது. பக்கத்து மேசையில் ஒருவர் கத்தியால் நூடில்சைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார். எழும்பிப் போய்க் கத்தியைப் பறிக்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. சில நாள் தேங்காய்ப்பால் விட்ட லக்ஸா நூடில்ஸ். கோடையில் சமையல்காரர் கடைக்குப் பின்முற்றத்தில் கரியடுப்பு வைத்துச் சத்தே சுடுவார். குச்சியில் கோத்த இறைச்சி, தொட்டுக்கொள்ளக் கச்சான் கடலைச் சம்பல். நானும் என் மனிதரும் குச்சிகளை எண்ணி யார் கூடுதலாகத் தின்றது என்று சண்டை பிடிப்போம். இழுத்து ஆற்றிய தேநீர் இருக்கும். ஆனால் எது தின்றாலும் கடைசியில் ஒரு தட்டுக் குவே தியாவ் வராமல் எழும்ப மாட்டோம். மட்டி ஓரமாகப் பொறுக்கப்பட்டு என் தட்டுக்கு வரும். அந்த ஐந்து வருடமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதை நான் கோபமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே வசனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கோயில் வந்தது.

கோயில் வந்ததில் எனக்குக் குறையில்லை. ஊரைவிட்டு ஓடிவந்த சனத்துக்குக் கும்பிட ஓர் இடம் வேண்டும். வாடகை மண்டபத்தில் ஒரு படத்தை வைத்துத் தொடங்கினார்கள். என் கணவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் நல்ல கையெழுத்தில் கடிதம் எழுதுவார். அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கியதும் கமிட்டியில் பெரியவர் ஒருவர், "செயலாளர் தீட்சை கேட்டவராய் இருந்தால்தான் அழகு" என்றார். தீட்சை கேட்டால் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட வேண்டும், முட்டைகூட ஆகாது. இவர் யோசிக்காமல் ஓம், சரி என்றுவிட்டார். யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் ஓம் என்பதுதான் அவருடைய நோய்.

அதற்குள் நாங்கள் தோட்டத்தோடு ஒரு சின்ன வீடு எடுத்திருந்தோம். அந்த வீட்டில் மீன் நின்றது, இறைச்சி நின்றது, முட்டை நின்றது. என் மீன்சட்டியைத் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தேன். சரி, பொறுத்துக்கொண்டேன். தீட்சை கேட்டு மூன்றாம் வாரம் சனிக்கிழமை காலை, என் முகத்தைப் பாராமல், "வெளிக்கிடும்" என்றார்.

"எங்க?"

"மியூசியத்துக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "விட ஏலாட்டி விட ஏலாதெண்டு அவையளிட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி ஒரேயடியா விடுங்கோ. ரண்டும் ஒண்டா ஏலாது."

"இரண்டு கிழமைக்கு ஒரு நேரம்தானே," என்றார். "கடவுளுக்குத் தெரியும். சனத்துக்குத் தெரிய வேண்டாம்."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் நாக்கு இருந்தது. போனேன். அன்றிலிருந்து அந்தச் சாப்பாடு களவாகிவிட்டது. புகை மணம் பிடிக்குமென்று அதற்கென ஒரு பழைய மண்ணிறக் கோட்டு. அதைக் கொட்டிலில் என் மீன்சட்டிக்கு மேலே கொழுவி வைத்தார். திரும்பும்போது ரயிலில் இரண்டு ஏலக்காய். சனிக்கிழமைகளில் டெலிபோன் எடுக்கிற ஆட்களுக்குச் சொல்லவும் ஒரு காரணம் வேண்டும். கால் வைத்தியரிடம் போகிறார் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். நாலு வருடம் சொன்னேன்.

ஒரு பொய்க்குச் சோறு போட்டு வளர்ப்பது லேசான வேலையல்ல. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் காலைப் பற்றி விசாரிப்பார்கள். அதற்காக இவர் கொஞ்சம் நொண்டுவார். ஒருநாள் இடக்கால், ஒருநாள் வலக்கால். நான் முழங்கையால் இடித்துத் திருத்துவேன். அவருடைய தங்கச்சி, என் மச்சாள், குட்மேய்ஸில் இருந்து எண்ணெய் காய்ச்சி மூன்று போத்தல் கொண்டுவந்து தந்தாள். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனவள் அவள். ஈப்போவும் தெரியாது, நூடில்சும் தெரியாது. அண்ணைதான் அவளுக்குச் சாமி. "மச்சாள், ஒவ்வொரு நாளும் பூசிவிடுறியளோ?" என்று கேட்பாள். ஓம், ஓம் என்பேன். எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருக்கும். மச்சமும் பொய்யும் ஒரே வாயில். இதற்குத் தீட்சை எதற்கு?

ஆனாலும் அந்தப் படியால் இறங்கிவிட்டால் அவர் பழைய ஆள்தான். கத்திக் கதைப்பார். நொண்ட மாட்டார். மட்டியைப் பொறுக்கி வைப்பார். அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டு போனேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. கோயிலில் மறுநாள் விசேஷம். நானும் அவரும் கமிட்டி ஆட்கள் இருவரும் அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் வாழையிலையும் முருங்கைக்காயும் தெரிவுசெய்துகொண்டிருந்தோம். கறிவேப்பிலையும் ரம்பை இலையும் வாங்க அந்தச் சமையல்காரரும் டூட்டிங்குக்குத்தான் வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தோம். அவர் இரண்டு கையிலும் பையோடு கடைக்குள் இருந்து வந்தார். கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கிள்! மூன்று சனிக்கிழமை ஆளைக் காணோம். மட்டி வாங்கி வைத்துக் காத்திருந்தேனே!" ஆங்கிலத்தில், தெரு முழுக்கக் கேட்க.

என் கணவர் அவரைப் பார்த்தார். பிறகு நல்ல, சுத்தமான, தபால் கந்தோர் ஆங்கிலத்தில், "மன்னிக்கவும், நீங்கள் என்னை வேறு யாரோ என்று நினைக்கிறீர்கள்" என்றார்.

கமிட்டியில் தடித்த மனிதர் ஒருவர் வாழையிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "சீனனுக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே முகம் போல."

சமையல்காரர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். அதை என்னால் மறக்க முடியாது. என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. நான் குனிந்து முருங்கைக்காயை முறித்துப் பார்த்தேன். அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைக் கூட்டிவைத்தார். "பத்து வருஷமாச் சோறு போட்ட மனிசன்! அந்தாளின்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டு வந்து நிக்கிறியள். இனி அந்தக் கடை வாசலை நீங்கள் மிதிக்கக் கூடாது. மிதிக்க உங்களுக்கு முகமில்லை. மிதிச்சியள் எண்டால் நான் இந்த வீட்டில இல்லை!"

"ஓம்," என்றார்.

போய் மன்னிப்புக் கேளுங்கோ என்று நான் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னால் நானும் கூடப் போய் நிற்க வேண்டும். முருங்கைக்காயை முறித்தவளும் நான்தானே. அவர்மேல் கத்தக் கத்த அது மறந்தது. ஆகவே இரண்டு வருடம் கத்தினேன். கால் வைத்தியர் கதை நின்றது. சனிக்கிழமை வீட்டில் பருப்பும் கீரையும். எப்போதாவது அவர் ஈப்போ என்று வாய் திறந்தால், "அங்க உங்களுக்கு ஆரையும் தெரியாதே" என்பேன். வாயை மூடிக்கொள்வார். வியாழக்கிழமைகளில் அவருக்கு ஷிப்ட் மத்தியானத்தோடு முடியும். கோயிலில் கடித வேலை என்று போய் ஐந்து மணிக்கு வருவார். நல்லது, சாமியின் காலடியில் கிடந்து புத்தி வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றேழில், மாசி மாதம், தபால் பைகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

இந்த நாட்டில் எரிப்பதற்கே பத்து நாள் வரிசையில் நிற்க வேண்டும். ஆகையால் எரித்த நாளில் இருந்து எட்டு எண்ணினோம். எங்கள் ஆட்களிடம் எட்டாம் நாள் ஒரு வழக்கம் உண்டு, எட்டுச் செலவு என்பார்கள். செத்தவர் உயிரோடு இருக்கையில் எதை விரும்பிச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்போம். அவர் வந்து வயிறாறச் சாப்பிட்டுப் போவார் என்று நம்பிக்கை. மீன் விரும்பினவருக்கு மீன், ஆட்டிறைச்சி விரும்பினவருக்கு ஆட்டிறைச்சி, குடித்தவருக்கு ஒரு போத்தல். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவருடைய கடைசிச் சாப்பாடு அது.

மச்சாள் அதிகாலையிலேயே வந்து அடுப்பைப் பிடித்துவிட்டாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மச்சாள். அண்ணை தீட்சை கேட்டவர். முழுச் சைவப் படையல். கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய், கீரை, பாயாசம், எல்லாம் அண்ணை விரும்பினது."

கத்தரிக்காய் தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் கடித்துத் தடிக்கும். ஒருநாளும் தொட்டதில்லை. முன்னறையில் ஒருவர், "பாவம், கடைசிவரைக்கும் அந்தக் கால் வருத்தத்தோட கோயிலுக்கு வந்த மனிசன்" என்று சொல்வது கேட்டது. அப்போதுதான் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்குப் பசித்தது.

தனக்குப் பிடித்தது என்னவென்று உலகத்துக்குச் சொல்ல வக்கில்லாமல் செத்துப்போனார். இப்போது கடைசி இலையிலும் கத்தரிக்காயைத் தின்றுவிட்டு ஓம் என்று போகப் போகிறார். இதற்கு நான் சம்மதித்தால் இந்த வீட்டில் அவரை அறிந்த மனுஷி என்று ஒருத்தி இருந்ததற்கே அர்த்தமில்லை. எழும்பினேன்.

புருஷனை இழந்தவள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன் வெளியே இறங்கக் கூடாது. மச்சாள் வாசலில் மறித்தாள். "கவுன்சிலில ஒரு கடிதம் குடுக்க வேணும்" என்றேன். அவருடைய பொய்கள் வாரிசு மாறி என் வாய்க்கு வந்துவிட்டிருந்தன. கொட்டிலில் இருந்து அந்த மண்ணிறக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதில் புகை மணத்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகுமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவசரத்தில் அந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டேன்.

பேஸ்வாட்டரில் அந்தப் படியின் தலைப்பில் கால் கூசியது. உள்ளே ஆட்கள் இல்லை; பதினொரு மணிதான். சமையல்காரர் முளைப்பயற்றின் வால் கிள்ளிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

"அன்ரி," என்றார்.

வழியெல்லாம் பாடமாக்கியதை ஒரே மூச்சில் சொன்னேன். அன்றைக்கு டூட்டிங்கில் நானும் பேசாமல் நின்றது பிழை, மன்னிக்க வேண்டும், அவர் செத்துப்போய்விட்டார், இன்றைக்கு அவருக்குப் படையல், ஒரு தட்டுச் செய்து தர முடியுமா.

அவர் எழும்பிப்போய் எரிந்துகொண்டிருந்த அடுப்பை நிறுத்தினார். கழுத்துத் துவாயால் கையைத் துடைத்தார். பிறகு, "இரண்டு வியாழக்கிழமை வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்த வியாழன்?"

"ஒவ்வொரு வியாழனும். அங்கிள் வருவார். அந்த மேசை." சுவரோரத்து மேசையைக் காட்டினார். எங்கள் மேசை.

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அவர் தன் உடைந்த ஆங்கிலத்தில், எனக்கு ஒரு குழப்பமும் இல்லாமல், சொன்னார். டூட்டிங்குக்கு அடுத்த வியாழன் அங்கிள் வந்து படியடியில் நின்றாராம். "எனக்குக் கோபம். உனக்குச் சமைக்க மாட்டேன் என்றேன். போய்விட்டார். அடுத்த வியாழனும் வந்து நின்றார். மூன்றாவது வியாழன் நல்ல மழை. அங்கிள் நனைகிறார். எத்தனை நாள் ஒருவரை நனைய விடுவது? உள்ளே வா என்றேன். அழுதார். பிறகு சாப்பிட்டார்."

"என்னட்டைச் சொல்லேல்லை," என்றேன், தமிழில்.

"அன்ரி ஏன் வரவில்லை என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் கேட்பேன். அன்ரிக்கு இன்னும் கோபம், என்பார்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோயிலாருக்குக் கால் வைத்தியர், எனக்குக் கோயில். நாலு வருடம் அவருக்காக நான் ஊருக்குப் பொய் சொன்னேன். கடைசியில் அந்த ஊரோடு என்னையும் சேர்த்துவிட்டார். எனக்கும் ஒரு ஓம் சொல்லிவிட்டு, கொட்டிலில் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் இல்லாமல், எங்கள் மேசையில் இருந்து தின்றிருக்கிறார். உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

சமையல்காரர் அடுப்பைத் திரும்பவும் மூட்டினார். தாச்சி புகைந்தது. அதே சத்தம், அதே மணம். முட்டையை உடைத்து ஊற்றி, முளைப்பயற்றைப் போட்டு, மட்டிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் நின்றார்.

"மட்டி போடவா? அங்கிள் ஒருநாளும் சாப்பிட மாட்டார். எல்லாவற்றையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார். வீணாகப் போகுதே, போடாமல் விடட்டுமா என்று கேட்டேன். இல்லை, போடு என்பார். இரண்டு வருடமும் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் போனார்."

"போடுங்கோ," என்றேன். "நிறையப் போடுங்கோ."

ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு சேலையைத் தாண்டித் தொடையில் சுட்டது. கோட்டின் புகை மணம் போன மாதத்தினது என்று இப்போது விளங்கியது. அவருடைய பயந்த சுபாவத்தை, ஓம் போடும் வாயை, நொண்டின காலை, எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டினேன். ஸ்டொக்வெல் வந்தபோது திட்டுவதற்கு வேறொன்றும் மிஞ்சவில்லை. என்னிடம் அவர் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அன்ரிக்கு இன்னும் கோபம். கமிட்டிக்குப் பயந்ததுபோல எனக்கும் பயந்திருக்கிறார். பயப்படும்படிதான் நான் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

வீட்டில் இலை போட்டாகிவிட்டது. அவருடைய படத்துக்கு முன்னால் கத்தரிக்காயும் கீரையும் பாயாசமும். நான் கோட்டோடு போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மணம் அறை முழுக்க எழும்பியது. மச்சாள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ மச்சாள், என்ன இது? இறால் கிடக்கு! மட்டியெல்லோ கிடக்கு! அண்ணை தீட்சை கேட்டவர்!"

"உங்கட அண்ணைக்குக் கால் ஒரு நாளும் நோகேல்லை," என்றேன். "அந்தச் சனிக்கிழமையெல்லாம் நாங்கள் இதைச் சாப்பிடத்தான் போனது. அவர் விரும்பினது இதைத்தான். எட்டுக்கு விரும்பினதைத்தானே படைக்க வேணும்?"

வாசலில் அந்தத் தடித்த கமிட்டிக்காரர் நின்றார். அவரையும் விடவில்லை. "ஐயா, இதைச் சமைச்சவரை நீங்களும் கண்டனீங்கள். டூட்டிங்கில, மரக்கறிக் கடை வாசலில. ஆள் மாறிக் கதைக்கிறார் எண்டு சிரிச்சனீங்கள். அவர் ஆள் மாறிக் கதைக்கேல்லை. இவற்ர சிநேகிதன் அவர்."

கத்தரிக்காயை ஒதுக்கி, பெட்டியை இலைக்கு நடுவில் கவிழ்த்தேன். மச்சாள் தடுக்கவில்லை. அவள் அண்ணனின் படத்தைப் புதிதாகப் பார்க்கிறவள்போல் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் வெளியே போனோம். கதவைச் சாத்தினோம். முன்னறையில் சிலர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டேன்.

கதவைத் திறந்தபோது நூடில்ஸ் வைத்தபடியே கிடந்தது. ஆறிப்போய், எண்ணெய் வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மட்டியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையின் ஓரத்தில் வைத்தேன். நிறைய இருந்தது.

"என்ன செய்யிறியள் மச்சாள்?" என்று அவருடைய தங்கச்சி மெல்லக் கேட்டாள்.

"அவருக்கு மட்டி சரிவராது," என்றேன். "இது என்ர பங்கு."

ஆறிய மட்டியை எடுத்து வாயில் போட்டேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.